பெயிண்ட் அடிப்பதற்கு முன்: நான்கு பழைய அலாய் வீல்களின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கார் என் மூத்த நண்பர் ஒருவருடையது. நான் அவரை அண்ணன் என்பேன், அவருக்கு நான் தம்பி. 18 வருடம் ஓடிய கார், நான்கும் 15 அங்குல வார்ப்பு அலாய் வீல்கள். புதிதில் சில்வர் நிறம், அதன் மேல் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு. அந்தக் கிளியர் கோட் பல இடங்களில் மஞ்சளடித்து, ஓரங்களில் உரிந்து, உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. ஓரக்கல்லில் உரசிய காயங்கள் மூன்று வீலில் இருந்தன. இன்ஜின் நன்றாக இருந்தது, பாடியும் பரவாயில்லை. வீல்கள் மட்டும்தான் காரைக் கிழடாகக் காட்டின.

முதல் முறை இந்த வேலையை நானும் அவரும் சேர்ந்தே செய்தோம், அது தோற்றுப்போனது. இரண்டாம் முறை எப்படிச் செய்தோம் என்பதுதான் இங்கே முக்கியம் என்றாலும், முதல் முறை நாங்கள் விட்ட இடங்களைச் சொல்லாமல் இரண்டாவதைச் சொன்னால் அர்த்தமில்லை.

முதல் முயற்சி

வீல்களைக் காரிலிருந்து கழற்றினோம், ஆனால் டயரைக் கழற்றவில்லை. டயரைச் சுற்றி மாஸ்கிங் டேப்பும் பழைய பேப்பரும் ஒட்டினோம். கார் ஷாம்பூவால் கழுவி, முகப்பை மட்டும் 320-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்தோம். வெள்ளை பூத்த இடங்களில் டிரில்லில் மாட்டும் இரும்புக் கம்பி பிரஷ்ஷை ஓடவிட்டோம், ஐந்து நிமிடத்தில் பளபளவென்று ஆனது, அதைப் பார்த்து அரிப்பு போய்விட்டது என்றே நம்பினோம். ஒட்டிக்கொண்டிருந்த பழைய கிளியர் கோட் கெட்டியாக இருந்த இடங்களில் அதை அப்படியே விட்டுவிட்டோம். பின்புறத்தைத் தொடவே இல்லை. ஸ்பிரே டப்பாவில் வரும் பிரைமர் என்ற அடிப்பூச்சு, சில்வர், கிளியர், அவ்வளவுதான்.

அடிக்கும்போதே ஒரு எச்சரிக்கை வந்தது. ஒரு வீலின் வெளி விளிம்பில், டயரை ஒட்டிய பக்கம், பெயிண்ட் விலகி விலகிச் சின்னச் சின்ன வட்டக் குழிகளாக நின்றது, நடுவில் அடிப்பரப்பு தெரிந்தது. இதை மீன்கண் என்பார்கள். டயருக்குப் போடும் பளபளப்பு திரவத்தில் இருக்கும் சிலிக்கான்தான் இதற்கு வழக்கமான காரணம், அண்ணன் அதை வருடக்கணக்கில் பூசி வந்தவர். அப்போது இது எனக்குத் தெரியாது. மேலே இன்னொரு கோட் கனமாக அடித்து மூடிவிட்டோம்.

நான்கு மாதம் எல்லாரும் பாராட்டினார்கள். ஐந்தாவது மாதத்தில் வால்வு துளையைச் சுற்றிக் கொப்புளம் வந்தது, அப்புறம் வீல் அதிராமல் சுழல மாட்டும் பேலன்சிங் எடை கவ்வியிருந்த விளிம்பில், அப்புறம் ஸ்போக்குகளின், அதாவது நடுவையும் விளிம்பையும் இணைக்கும் கைகளின், நடுவிலேயே. இதோடு இடது பின் வீல் காற்றையும் இழந்துகொண்டிருந்தது. 32 பிஎஸ்ஐ நிரப்பினால் பத்து நாளில் 24-க்கு வந்துவிடும். டயர் கடையில் பஞ்சர் இல்லை என்றார்கள், ரிம்மும் டயரும் சேரும் இடத்தில் அரிப்பு இருக்கும் என்று சீலண்ட் தடவிக் கொடுத்தார்கள். நாங்களும் அதையே நம்பினோம்.

கொப்புளத்துக்கு அடியில் என்ன இருந்தது

ஒரு கொப்புளத்தை நகத்தால் நெருடிப் பார்த்தேன். எங்கள் மூன்று கோட்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு சில்லாக வந்தது, அதன் அடியில் மாவு போன்ற வெள்ளைப் பொடி. பொடியை ஊதிவிட்டால் உலோகத்தில் புழு ஊர்ந்த தடம் போல மெல்லிய கோடுகள், வளைந்து வளைந்து, இன்னும் நன்றாக இருந்த பெயிண்ட்டுக்கு அடியில் நுழைந்து மறைந்தன. இதற்கு ஃபிலிஃபார்ம் அரிப்பு என்று பெயர், இழை போல ஓடும் அரிப்பு. பெயிண்ட் படலத்தில் ஒரு கீறல் வழியாக உப்பும் ஈரமும் உள்ளே போனால் போதும். தடத்தின் தலைப்பகுதியில் அலுமினியம் கரைந்துகொண்டே முன்னேறும், வால்பகுதியில் அது வெள்ளைப் பொடியாகக் காய்ந்து படலத்தைத் தூக்கிவிடும். வெளியே தெரிவது வால்தான். தலை எப்போதும் நன்றாகத் தெரிகிற பெயிண்ட்டுக்கு அடியில்தான் இருக்கும். நாங்கள் முதல் முறை வாலைத் தேய்த்துவிட்டுத் தலையை விட்டுவிட்டோம், அதற்கு மேலே புது பெயிண்ட்டையும் போர்த்திவிட்டோம்.

எங்கே தொடங்கியது என்று நான்கு வீலையும் வைத்துத் தேடினோம். ஏறக்குறைய எல்லாத் தடங்களும் மூன்று இடங்களிலிருந்து கிளம்பியிருந்தன: கவ்வும் எடை விளிம்பைக் கீறிய இடம், வால்வு துளையின் கூர்மையான ஓரம், டயர் உட்காரும் விளிம்பு. மூன்றுமே நாங்கள் டேப் ஒட்டி மறைத்த, அல்லது எட்டாது என்று விட்ட இடங்கள். முகப்பில் வந்த கொப்புளங்களில் பாதிக்கு மேல் பின்பக்கத்திலிருந்தும் விளிம்பிலிருந்தும் நடந்து வந்தவை.

ஆனால் ஸ்போக்குகளின் நடுவில் வந்தவை இந்தக் கணக்கில் அடங்கவில்லை. அதற்கான விடை பழைய பெயிண்ட்டை உரித்த பிறகுதான் கிடைத்தது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, டயர்களைக் கழற்றி, வால்வு, எடை, ஹப் மூடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் வெறும் உலோகம் வரை போவது. இதில் எங்களுக்குள் விவாதமே இல்லை.

இரண்டாவது, பவுடர் கோட்டா, பெயிண்ட்டா என்பது. பவுடர் கோட் என்பது பெயிண்ட் தூளைத் தூவி அடுப்பில் சுட்டு உருக்கும் பூச்சு, கெட்டியானது, கல் பட்டாலும் தாங்கும். ஆனால் அதைச் சுட 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும், அந்தச் சூட்டில் பழைய வார்ப்பின் நுண்துளைகளில் அடைந்திருக்கும் காற்றும் எண்ணெயும் வெளியேறிப் பூச்சில் ஊசித்துளைகளை உண்டாக்கும். முன்கூட்டியே ஒருமுறை காலியாகச் சுட்டு அதை வெளியேற்றுவது வழக்கம். இன்னொன்று, இந்த மாதிரி வீல்களின் உலோகக் கலவை, பெரும்பாலும் ஏ356 என்ற வகை, வார்த்த பிறகு சுமார் 540 டிகிரியில் வைத்துக் குளிர்வித்து, பின்பு 150 சொச்சம் டிகிரியில் பல மணி நேரம் பதப்படுத்திய வலிமையோடுதான் வருகிறது. 200 டிகிரியில் இருபது நிமிடம் என்றால் அதற்குப் பெரிய கெடுதல் வராது, பல இடங்களில் தினமும் நடக்கிற வேலைதான். அடுப்பின் சூடு சரியாகக் கட்டுக்குள் இருக்கும் என்ற உறுதி எங்களுக்குக் கிடைத்த இடத்தில் இல்லை, அதனால்தான் பெயிண்ட் பக்கம் போனோம்.

மூன்றாவது, வேலையைப் பிரித்துக்கொள்வது. இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பெயிண்ட்டிலும் கிளியரிலும் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதற்குச் சாதாரண முகமூடி போதாது, வெளியிலிருந்து காற்று தரும் கருவி வேண்டும். அதனால் பிரைமரிலிருந்து மேலே எல்லாம் பெயிண்ட் அடிக்கும் தனி அறை (பூத்) வைத்திருக்கும் ஒரு பெயிண்டரிடம், அதுவரை எல்லாம் நாங்கள். அவர் வைத்த நிபந்தனை இரண்டுதான்: வீல் வெறும் உலோகமாக வர வேண்டும், கடைசியாகப் பிளாஸ்ட் செய்த, அதாவது காற்றழுத்தத்தில் துகள்களைப் பீய்ச்சித் தேய்த்த, அன்றே வர வேண்டும்.

உரித்தல்

முதலில் கழுவுதல். டிகிரீசர் போட்டு, பிரஷ் போட்டு, சிலிக்கானும் தாரும் பிரேக் தூசியும் போகும்வரை. உப்புத்தாளைத் தொடுவதற்கு முன்னால் இது முடிந்தாக வேண்டும், இல்லையென்றால் எண்ணெயையும் சிலிக்கானையும் நாமே தேய்த்து உலோகத்துக்குள் ஏற்றுவோம். முதல் முறை நாங்கள் செய்தது அதைத்தான்.

அடுத்து பெயிண்ட்டை உரிக்கும் ஜெல். அண்ணன் காஸ்டிக் சோடா கரைசலில் முக்கிவிடலாம் என்றார். இரும்பு கேட்டுகளில் பழைய பெயிண்ட்டை அதில்தான் எடுத்தார்களாம், தோல் மாதிரி வந்துவிட்டதாம். இரும்பில் வரும். அலுமினியத்தில் காஸ்டிக் சோடா பெயிண்ட்டோடு நிற்காது, உலோகத்தையே கரைக்கும், கரைக்கும்போது ஹைட்ரஜன் வாயு நுரைத்துக் கிளம்பும், சூடேறும், ஒரு தீப்பொறி போதும். அலாய் வீலை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. ஒரு அலுமினியத் துண்டைச் சிறு கிண்ணத்தில் போட்டுக் காட்டியதும் அவர் ஒப்புக்கொண்டார்.

பென்சைல் ஆல்கஹால் அடிப்படையிலான ஜெல்லைத் தேர்ந்தெடுத்தோம். மெத்திலீன் குளோரைடு ஜெல் வேகமானது, ஆனால் மூடிய இடத்தில் அதன் ஆவி ஆளையே கொன்றிருக்கிறது, அது வேண்டாம். நாங்கள் எடுத்தது மெதுவாகத்தான் வேலை செய்யும், காய்ந்தால் நின்றுவிடும். அதனால் கனமாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, இரவு முழுக்க விட்டோம். காலையில் தாளைப் பிரித்தபோது பாம்பு சட்டை உரித்த மாதிரி எல்லா அடுக்கும் சுருங்கி எழும்பியிருந்தது, பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளினாலே வந்தது. ஸ்போக்கின் மூலைகளில் மட்டும் இரண்டாம் முறை பூச வேண்டியிருந்தது. உலோகச் சுரண்டி வேண்டாம், அலுமினியம் மென்மையானது, கீறல் விழுந்தால் அதை எடுக்க இன்னொரு மணி நேரம்.

உரித்துக் கழுவிய பிறகு, பிரேக் தூசி ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, இரும்புத் துகள் பட்டால் ஊதாவாக மாறும் வீல் கிளீனரைத் தெளித்தேன். ஸ்போக்கின் நடுவில், பெயிண்ட் உரிந்த பளிச்சென்ற உலோகத்தில், மெல்லிய ஊதா நூல்கள் வட்ட வட்டமாக எழும்பின. பார்த்துக்கொண்டே நின்றேன். அவை பிரேக் தூசி இல்லை, தூசி இப்படி வட்டமாகப் படியாது. ஐந்து மாதம் முன்பு நான் ஓட்டிய கம்பி பிரஷ்ஷின் தடம் அது. இரும்புத் துணுக்குகள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து, ஈரம் வந்ததும் இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி போல வேலை செய்து, அலுமினியத்தைத் தின்றிருக்கின்றன. ஸ்போக் நடுவில் வந்த கொப்புளங்களுக்கு விடை இதுதான். சுத்தம் செய்கிறேன் என்று நானே விதைத்தது. அன்றிலிருந்து அலுமினிய வேலைக்கு நைலான் பேடும் புது உப்புத்தாளும் மட்டும், இரும்பில் பட்ட பேடைத் திரும்ப எடுப்பதில்லை.

விரிசல்

உரித்து முடித்த கையோடு ஓரக்கல் காயங்களை ராவ ஆரம்பித்தோம். அரைவட்ட அரத்தால் மேடுகளைத் தட்டி, 80-ஆம் எண்ணிலிருந்து 120, 180, 240 என்று ஏறி, காயத்தின் ஓரம் விரலுக்குத் தெரியாத வரை. ஒரு மாலை முழுக்க இடது பின் வீலுக்கே போனது.

மறுநாள் அதைத் தண்ணீர் விட்டுக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லா இடமும் காய்ந்துவிட்டது. உள்பக்க விளிம்பில், லேசாக வளைந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மயிரிழைக் கோடு மட்டும் இருட்டாகவே இருந்தது. துடைத்தேன், போய்விட்டது. ஒரு நிமிடத்தில் திரும்ப வந்தது. உள்ளே தங்கிய தண்ணீர் கசிந்து வந்துகொண்டிருந்தது.

கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று சாயச் சோதனை செய்தோம். கரைப்பானால் நன்றாகச் சுத்தம் செய்து காயவிட்டு, சிவப்பு ஊடுருவல் சாயத்தைத் தெளித்து 15 நிமிடம் விட வேண்டும். பிறகு மேலே இருப்பதைத் துணியால் துடைக்க வேண்டும், கிளீனரைத் துணியில்தான் நனைக்க வேண்டும், வீலின் மேல் நேராக அடித்தால் விரிசலுக்குள் இருக்கும் சாயமும் கழுவிப்போய்விடும். அதன் மேல் வெள்ளை டெவலப்பரை மெல்லிசாக அடித்துக் காத்திருக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் வெள்ளைப் பரப்பில் சிவப்புப் புள்ளிகள் வந்தன, புள்ளிகள் சேர்ந்து கோடானது, கிட்டத்தட்ட 3 செ.மீ. நீளம். வீலைத் திருப்பி மறுபக்கத்திலும் அதே சோதனை. அங்கேயும் கோடு. விரிசல் சுவரின் முழுத் தடிமனையும் கடந்திருந்தது.

பத்து நாளில் 8 பிஎஸ்ஐ போனது இதன் வழியாகத்தான். சீலண்ட் தடவிய இடத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அண்ணன் கேட்டார், "தம்பி, வெல்டிங் வெச்சா போதாதா?" நியாயமான கேள்வி, அலாய் வீலுக்கு வெல்டிங் வைக்கும் பட்டறைகள் இருக்கின்றன. நான் வேண்டாம் என்றதற்குக் காரணம், மேலே சொன்ன அதே பதப்படுத்தல். வெல்டிங் சூடு பட்ட பகுதியில் அந்த வலிமை போய்விடும், வெல்டிங்கை ஒட்டிய இடமே வீலின் மென்மையான இடமாகிவிடும். முழு வீலையும் திரும்பப் பதப்படுத்த நம்மிடம் வழியில்லை. ரிம் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்கிறது. நின்றுகொண்டிருக்கும் காரில் அந்த வெல்டிங் நன்றாகத்தான் தெரியும், ஓடும்போதுதான் கணக்கு தீர்க்கும். அதில் போகப்போவது அவரும் அவர் வீட்டார்களும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு சரி என்றார். வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்பதற்காக, அந்த வீலின் விளிம்பை அன்றே கிரைண்டரால் குறுக்காக அறுத்துவிட்டோம்.

மற்ற மூன்றுக்கும் அதே சாயச் சோதனை, குறிப்பாக ஸ்போக் ரிம்மில் சேரும் வேர்களிலும் நட்டு துளைகளைச் சுற்றியும். ஒன்றும் வரவில்லை. சுழற்றி, விளிம்பு எவ்வளவு ஆடுகிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்தும் பார்த்தோம், மூன்றும் 1 மி.மீட்டருக்குள்தான் ஆடின.

மாற்று வீல் பழையதாகத்தான் கிடைத்தது. பின்புறம் வார்த்திருக்கும் எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம், அகலம், ஆஃப்செட், போல்ட் வட்டம், நடுத்துளை நான்கும் ஒன்றாக இருந்தால்தான் எடுப்பது என்று. ஆஃப்செட் கொஞ்சம் மாறினாலும் டயர் உள்ளே அல்லது வெளியே தள்ளிப்போகும், பேரிங்கில் விழும் சுமையும் மாறும். வந்த வீலையும் முதலிலிருந்து உரித்து, சாயம் போட்டுப் பார்த்த பிறகுதான் அரத்தை எடுத்தோம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், எங்கள் வேலையில் வரவில்லை என்றாலும். மிகப் பழைய பந்தய வகை வீல் கையில் கிடைத்தால் அது அலுமினியம்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மெக்னீசிய வீல்களும் இருந்தன, 'மேக் வீல்' என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். மறைவான ஓரிடத்தில் வெறும் உலோகம் தெரியச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விட்டால் மெக்னீசியம் உடனே நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். மெக்னீசியத் தூள் தீப்பிடித்தால் தண்ணீரால் அணைக்க முடியாது, தண்ணீர் அதை இன்னும் தூண்டும். நுரைத்தால் அரைக்காமல் நிறுத்திவிடுவது நல்லது.

குழிகளும் மறைப்பும்

அரிப்பின் தடங்கள் உப்புத்தாளுக்கு அடங்கவில்லை. மேற்பரப்பு பளபளக்கும், ஆனால் ஊசிமுனைக் குழிகளின் அடியில் வெள்ளைப் பொடி அப்படியே இருக்கும். அதனால் நான்கையும் பிளாஸ்டிங்குக்குக் கொடுத்தோம். நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு, குறைந்த அழுத்தம். இரும்பு மணிகள் வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன், காரணம் அந்த ஊதா நூல்கள். ஆற்று மணல் வேண்டாம் என்றதற்குக் காரணம் வேறு, அதன் தூசி நுரையீரலில் சிலிக்கோசிஸ் கொண்டுவரும், அந்த வேலை செய்பவருக்காக.

பிளாஸ்டிங்குக்கு முன் நட்டு உட்காரும் கூம்புகளில் பழைய நட்டுகளையே மாட்டி மூடினோம், காரின் ஹப்பில், அதாவது வீலை மாட்டும் அச்சு முனையில், பொருந்தும் முகத்துக்குக் கனமான டேப். டயர் உட்காரும் வளையத்தையும் மூடி, அதைக் கையால் நைலான் பேட் போட்டே சுத்தம் செய்தோம், அங்கே பரப்பு கரடாகிவிட்டால் காற்று கசியும்.

நட்டு கூம்பிலும் ஹப் முகத்திலும் பெயிண்ட் ஏன் கூடாது என்று அண்ணனுக்கு விளக்கியதை இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் இதை அழகு சம்பந்தப்பட்டதாகவே பலர் நினைக்கிறார்கள். நட்டு இறுகும்போது போல்ட் ஒரு ஸ்பிரிங் போலக் கொஞ்சம் நீள்கிறது, அந்த இழுவைதான் வீலைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த நீட்சி ஒரு மி.மீட்டரில் மிகச் சிறிய பங்குதான். நடுவில் பெயிண்ட் படலம் இருந்தால், ஓடும்போது சூட்டிலும் அழுத்தத்திலும் அது நசுங்கி வெளியேறும், அந்த அளவுக்கு இழுவையும் தளரும். நட்டு கழன்று வருவதற்கு அதுவே ஆரம்பம். முதல் முயற்சியில் எங்கள் நட்டு கூம்புகளில் மூன்று கோட் பெயிண்ட் இருந்தது. எதுவும் நடக்கவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

ஓரக்கல் காயங்களில் ஆழமான இரண்டுக்கு மட்டும் உலோகத்தூள் கலந்த எபாக்சி பட்டி வைத்து, காய்ந்த பின் 180-லிருந்து 320 வரை தேய்த்தோம். பட்டி வெளி உதட்டின் தோற்றத்துக்கு மட்டும்தான். டயர் உட்காரும் பக்கத்தில் பட்டியை வைக்கக் கூடாது.

கடைசித் துடைப்பு

பிளாஸ்ட் செய்த வீல் வெறுங்கையால் தொடக்கூடாத பொருள். கையுறை போட்டு, பஞ்சு நூல் உதிராத இரண்டு துணிகளோடு உட்கார்ந்தோம். ஒன்றில் வேக்ஸ், கிரீஸ் நீக்கும் திரவம், மற்றது காய்ந்தது. ஈரத்துணியால் ஒரு சாண் இடம் துடைத்தால், அது ஆவியாவதற்குள் காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். தானாகக் காயவிட்டால் கரைந்த எண்ணெய் அதே இடத்தில் திரும்பப் படிந்துவிடும், துடைத்ததாக நினைப்போம், பரப்பியிருப்போம்.

பிறகு தண்ணீர்ச் சோதனை. சுத்தமான தண்ணீரை மெதுவாக ஊற்றினால் அது ஒரே தாளாகப் பரவி நிற்க வேண்டும், முத்து முத்தாக உடைந்தால் அங்கே எண்ணெயோ சிலிக்கானோ இருக்கிறது. மூன்று வீலில் தாள் போல நின்றது. நான்காவதில் விளிம்புக்குப் பக்கத்தில் தண்ணீர் விலகி ஐந்து தீவுகளாக ஆனது. உற்றுப் பார்த்தால் ஐந்து விரல் நுனிகள். வண்டியிலிருந்து இறக்கும்போது யாரோ வெறுங்கையால் பிடித்திருக்கிறார்கள். திரும்பத் துடைத்து, திரும்ப ஊற்றி, தாள் உடையாமல் நின்ற பிறகுதான் சூடான காற்றால் காயவைத்துச் சுற்றிக் கட்டினோம். பிளாஸ்டிங் முடிந்து நான்கு மணி நேரத்துக்குள் எபாக்சி பிரைமர் ஏறிவிட்டது. அலுமினியத்தில் ஆக்சைடு படலம் உடனே உருவாக ஆரம்பிக்கும், ஈரக்காற்றில் நாள் கணக்கில் வைத்தால் நாம் எடுத்த அதே பிரச்சினை சத்தமில்லாமல் திரும்ப ஆரம்பிக்கும். எட்ச் பிரைமரும், அதாவது அமிலத்தால் உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் பிரைமரும், கூடவே வேண்டுமா என்று பெயிண்டரிடம் கேட்டேன். அவர் பயன்படுத்தும் எபாக்சியின் குறிப்பில் அதன் அடியில் அமிலப் பிரைமர் கூடாது என்று இருந்ததால் விட்டுவிட்டோம்.

பின்னர் நடந்தது

பெயிண்ட் முடிந்து ஒரு வாரம் தொடாமல் வைத்திருந்தோம். டயர் ஏற்றும்போது இயந்திரத்தின் தாடைகளுக்குப் பிளாஸ்டிக் உறை போடச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றோம். புது வால்வுகள், கவ்வும் எடைக்குப் பதில் உள்பக்கம் ஒட்டும் எடை. நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினோம், 80 கி.மீ. ஓடிய பின் மறுபடி பார்த்தோம், ஒரு நட்டு மட்டும் கொஞ்சம் திரும்பியது.

இப்போது 14 மாதம் ஆகிறது. மூன்று வீல்கள் அப்படியே இருக்கின்றன, காற்றும் நிற்கிறது. ஸ்போக் நடுவில் எங்கேயும் கொப்புளம் இல்லை. மாற்றாக வாங்கிய நான்காவது வீலில், வால்வு துளையின் உள் ஓரத்தில் சுமார் 4 மி.மீ. அளவில் ஒரு கொப்புளம் வந்திருக்கிறது.

என்ன மாற்றிச் செய்வேன்

அந்தக் கொப்புளத்தின் காரணம் தெளிவாகவே இருக்கிறது. முதல் முறை தடங்கள் வால்வு துளையிலிருந்து கிளம்பியதைப் பார்த்திருந்தும், அந்த ஓரத்தைச் சுத்தம் மட்டும் செய்தோம், மழுக்கவில்லை. ஈரமான பெயிண்ட் கூர்மையான ஓரத்திலிருந்து விலகி இரண்டு பக்கமும் ஓடும், ஓரத்தின் மேல் படலம் மிக மெல்லிசாகத்தான் நிற்கும். எங்கள் மூன்று வீல்களில் பழைய தேய்மானத்தால் அந்த ஓரம் ஏற்கெனவே கொஞ்சம் மழுங்கியிருந்தது, நான்காவதில் வார்ப்பிலிருந்து வந்த கூர்மை அப்படியே இருந்தது. அடுத்த முறை வால்வு துளை, ஸ்போக்கின் பின் விளிம்பு, உள்ளே எடைக் குறைப்புக்காகக் குடைந்த பைகளின் ஓரம் எல்லாவற்றையும் பிளாஸ்டிங்குக்கு முன்பே சிறிய அரத்தால் அரை மி.மீ. அளவுக்காவது உருட்டுவேன். ஒரு வீலுக்கு இருபது நிமிட வேலை.

இரண்டாவது, வரிசை. உரித்ததும் முதலில் விரிசல் பார்த்திருந்தால், குப்பைக்குப் போகப்போகிற வீலில் ஒரு மாலை முழுக்க அரம் போட்டிருக்க மாட்டோம். அதைவிட முக்கியமானது, ராவுவதால் அலுமினியம் விரிசலின் வாய் மேல் இழுபட்டு அதை மூடிவிடக்கூடும், சாயம் உள்ளே போகாது. எங்கள் விரிசல் உள்பக்கத்தில் இருந்ததால் தப்பினோம். வெளி உதட்டில் இருந்திருந்தால் நானே அதை மறைத்திருப்பேன். காற்று இறங்கும் வீல் என்றால் பெயிண்ட் பேச்சை எடுப்பதற்கு முன்பே டயரைக் கழற்றி உள் விளிம்பைப் பார்ப்பேன், சீலண்ட் என்ற பதிலோடு திரும்பி வர மாட்டேன்.

நான்காவது வீலின் கொப்புளத்தை அடுத்த டயர் மாற்றும்போது திறப்பதாக இருக்கிறோம். அது பரவுகிறதா என்று தெரிந்துகொள்ள, இப்போதைக்கு அண்ணன் வாரம் ஒருமுறை அதன் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, அது கோட்டைத் தாண்டியதா என்று பார்த்துச் சொல்கிறார். கடைசியாகப் பார்த்தவரை தாண்டவில்லை.